பார்த்தேன் என்று எழுதினேன்

நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினேன்.

என் குற்றம் இவ்வளவுதான். இரண்டே வாக்கியத்தில் அடங்கிவிட்டது பார்த்தீர்களா? இதோடு நிறுத்திக்கொண்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீட்டுக்கணக்கில் பொய் சொன்னதுபோல் எண்ணி நீங்கள் என்னை விட்டுவிடுவீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவச்சி. வெள்ளைச் சேலை கட்டி, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கித் தோட்டங்களில் பிரசவம் பார்க்கிறவள். லயத்துச் சனங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், என்னை 'நர்சம்மா' என்பார்கள். இந்த நர்சம்மாவுக்கு இரத்தத்தைக் கண்டால் ஆகாது!

சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

என் தகப்பனார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டில் முட்டைகூட உடைபட்டதில்லை. காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு கையை அம்மாவிடம் நீட்டுவேன். எனக்குப் பதினேழு வயதில் தகப்பனார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா என்னையும் தம்பிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு தலவாக்கலைக் கடைத்தெருவில் மாமா வீட்டில் போய் ஒண்டினாள். ஒண்ட வந்தவர்களை மாமி எப்படி நடத்துவாள் என்று உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. தோட்டங்களில் படித்த மருத்துவச்சிகளை வைக்கத் தொடங்கியிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் தேவை. ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் பயிற்சி, ஆறு மாதம் தோட்டத்தில் பயிற்சி, பிறகு வேலையும் வீடும். வீடு! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன். சேவை மனப்பான்மை என்றெல்லாம் பிற்காலத்தில் பிறர் என்னைப் பற்றிச் சொன்னது அவர்களுடைய நல்ல மனசு.

முதல் பிரசவத்தின்போது மயங்கி விழுந்தேன். விழுந்தவள் சும்மா விழவில்லை, கிருமி கொல்லும் லைசால் தண்ணீர் வாளியையும் உருட்டிக்கொண்டு விழுந்தேன். மேட்ரன் என்னை எழுப்பி உட்காரவைத்து, இன்னொரு தடவை விழுந்தால் பெட்டியைக் கட்டலாம் என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதனால்தான் பயந்தேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கே போவது? மாமி வீட்டுக்கா?

எனவே தந்திரங்கள் கற்றுக்கொண்டேன். கடைவாயில் ஒரு துண்டு இஞ்சி. மனசுக்குள் பதினாறாம் வாய்ப்பாடு. எல்லாவற்றையும்விடப் பெரிய தந்திரம், கீழே பார்க்காமல் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. என் கைகள் கெட்டிக்காரக் கைகள். கண்ணின் உதவி இல்லாமலே வேலையைக் கற்றுக்கொண்டன. பதினாறு ஐந்து எண்பது, பதினாறு ஆறு தொண்ணூற்றாறு... இதற்குள் பிள்ளையின் தலை வந்துவிடும்.

வேடிக்கையைக் கேளுங்கள். இதற்காகவே எனக்கு நல்ல பெயர் வந்தது! வலியில் கிடக்கிறவளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காத பெண், எவ்வளவு அன்பானவள் என்று வார்டு முழுவதும் பேச்சு. நான் மறுக்கவில்லை. யார்தான் மறுப்பார்கள்?

இரத்தம் இப்படிப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. நஞ்சுக்கொடி.

பிள்ளை பிறந்த சிறிது நேரத்தில் நஞ்சுக்கொடி வெளியே வரும். அதைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் விரித்து, முழுதாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு துண்டு குறைந்தால் அந்தத் துண்டு தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருந்தால் அழுகும். அழுகினால் சன்னி கண்டு தாய் போய்விடுவாள். மேட்ரன் இதை எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான் எழுதிய விடையை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள்!

ஆனால் அதைக் கையில் எடுக்க என்னால் ஆகவில்லை. அந்தச் சூடு, அந்தக் கனம்... குடல் புரண்டு வாய்க்கு வரும். ஆஸ்பத்திரியில் லில்லி என்று ஒரு ஹட்டன் பெண் என்னோடு படித்தாள். அவளுக்கு எழுத்து வராது. எனக்கு இது வராது. அவளுடைய பிரசவப் புத்தகத்தை நான் எழுதிக் கொடுத்தேன், என்னுடைய பேசினில் கிடந்த நஞ்சுக்கொடியை அவள் பார்த்துச் சொன்னாள். ஆறு மாதம் இப்படியே ஓடிவிட்டது. இரண்டு பேரும் தேறினோம்.

அதற்குப் பிறகு லில்லியை ஒரு தோட்டத்துக்கும் என்னை ஒரு தோட்டத்துக்கும் அனுப்பினார்கள்.

என் தோட்டம் தலவாக்கலைக்குப் பக்கத்தில்தான். பெயர் வேண்டாம். அங்கே மருந்து கொடுப்பவர் என் மேலதிகாரி. டாக்டர் பரீட்சை எழுதியவர் இல்லை என்றாலும் தோட்டத்தில் அவர்தான் 'டாக்டரய்யா'. பிரசவம் பார்க்க அவர் வரமாட்டார். புத்தகத்தில் நான் எழுதுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆறு மாதம் முடிந்ததும் அந்தப் புத்தகம்தான் எனக்குச் சான்றிதழ் வாங்கித் தரவேண்டும்.

அங்கே பேச்சியம்மா என்று ஒருத்தி இருந்தாள். நாற்பது வயது இருக்கும். பகலெல்லாம் கொழுந்து பறிப்பாள். லயத்தில் வலி என்றால் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவாள். எழுத்தறியாதவள். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள். நான் வந்ததும், இனிமேல் படிக்காதவர்கள் பிரசவத்தில் கை வைக்கக்கூடாது என்று பெரட்டுக்களத்தில், அதாவது விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கிற மைதானத்தில், உத்தரவு வாசித்தார்கள். பேச்சியம்மா கை வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் வந்து, காம்பரா என்கிற அந்த லயத்து அறையின் வாசலில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்துகொள்வாள். என்னை அவள் கண்காணிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒன்பது பிரசவம் பார்த்தேன். ஒன்பது தடவையும் பேசினைத் துணியால் மூடி வெளியே கொடுத்துவிட்டேன். புத்தகத்தில் 'நஞ்சுக்கொடி பரிசோதிக்கப்பட்டது, முழுமை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். ஒன்பது தாய்மாரும் ஒரு குறையுமில்லாமல் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஒன்பது தடவை தப்பித்தவளுக்குப் பத்தாவது தடவை பயம் இருக்குமா?

பத்தாவது, அழகாயி.

அவளுக்கு அது மூன்றாவது பிள்ளை. காலையில் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போன பிறகு வலி எடுத்தது. நான் போனபோது பேச்சியம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வழக்கம்போல் வாசலுக்குப் போனாள். பத்து மணி சுமாருக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல பிள்ளை, நல்ல அழுகை. நஞ்சுக்கொடி வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. வந்தது. வழக்கத்தைவிட இரத்தம் கொஞ்சம் கூடுதல். என் கையே அதைச் சொன்னது. கண்ணுக்கு நான் வேலை கொடுக்கவில்லை. துணியால் மூடினேன்.

அழகாயியின் புருஷன் சுப்பன் வெளியே மண்வெட்டியோடு நின்றான். லயத்தில் நஞ்சுக்கொடியைச் சூடு ஆறுவதற்குள் லயத்துக்குப் பின்னால் புதைத்து, நாய் தோண்டாமல் கல் வைத்துவிடவேண்டும். புதைத்ததைத் தோண்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. நான் பேசினை நீட்டினேன்.

வாசலில் இருந்த பேச்சியம்மா அதைக் கையால் மறித்தாள்.

"நர்சம்மா, தண்ணியில அலசிப் பாத்தீங்களா? நஞ்சு இறங்க நேரமாயிருச்சே... ரத்தமும் சாஸ்தியா இருக்கு."

"பாத்துட்டேன். முழுசாத்தான் இருக்கு."

"எப்ப பாத்தீங்க? தண்ணிய மொண்ட சத்தமே கேக்கலியே. குடுங்க, நான் ஒரு வாட்டி பாத்துடறேன்."

"படிக்காதவங்க கை வைக்கக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு. கைய எடுங்க!"

அவள் கையை எடுத்துவிட்டாள். சுப்பன் பேசினை வாங்கிக்கொண்டு போனான். நான் புத்தகத்தைத் திறந்து, 'பரிசோதிக்கப்பட்டது, முழுமை' என்று எழுதினேன்.

நூறு தடவை பாடம் கேட்டவள் நான். ஒரு தடவையும் கேட்காத அவள்தான் செய்யவேண்டியதைச் செய்யச் சொன்னாள்.

மூன்றாம் நாள் அழகாயிக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் பிள்ளையை அடையாளம் தெரியாமல் பிதற்றினாள். கம்பளியில் கம்பு கோத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய், தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான் கூடவே போனேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ஆறாம் நாள் செத்துப்போனாள். பிரசவச் சன்னி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

உள்ளே ஒரு துண்டு நின்றிருந்ததா? தெரியாது. வேறு ஏதாவது காரணமா? அதுவும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான்தான் பார்க்கவில்லையே...

அடக்கம் முடிந்த மறுநாள் பெரட்டுக்களத்தில் விசாரணை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரை வந்திருந்தார். டாக்டரய்யா என் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். நஞ்சுக்கொடி முழுமை என்று எழுதியிருக்கிறது. ஆகவே உள்ளே அழுக்குக் கை பட்டுத்தான் சன்னி வந்திருக்கவேண்டும். எனக்கு முன்னால் அங்கே இருந்தவள் பேச்சியம்மா. கணக்கு நேராக இருந்தது. அந்தக் கணக்கின் முதல் வரியைப் போட்டுக் கொடுத்தவள் நான்.

"நீ உள்ள கைய வச்சியா?" என்று டாக்டரய்யா கேட்டார்.

"சத்தியமா இல்லீங்க. அவ நெத்திய மட்டுந்தாங்க தொட்டேன். நஞ்ச அலசிப் பாக்கணும்னு சொன்னேன், நர்சம்மாதான் விடல. அவங்க பாக்கவே இல்லீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாத்தேங்க ஐயா," என்றேன். "முழுசாத்தான் இருந்துச்சு."

"பேச்சியம்மா அங்க இருந்தாளா?"

"நான் போறதுக்கு முந்தியே இருந்தாங்க ஐயா."

இந்தக் கடைசி வார்த்தையில் பொய்யே கிடையாது. கவனித்தீர்களா? ஒரு சொல்கூடப் பொய் இல்லை! அதைச் சொன்னபோது அது என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பேச்சியம்மா அழவில்லை. இரண்டடி முன்னால் வந்தாள்.

"அப்ப குழியத் தோண்டிப் பாத்துருங்கய்யா! ஏழு நாள்தான ஆச்சு. நானே தோண்டறேன், நானே கழுவிக் காட்டறேன். கொறையிருந்தா எங்கண்ணுக்குத் தெரியும்."

தோண்டினால் நான் தீர்ந்தேன். ஆனால் என்ன நடந்தது தெரியுமா? டாக்டரய்யா கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "சீச்சீ, என்ன பேச்சுப் பேசுற!" என்றார். தொரை, பக்கத்தில் நின்ற ஆபீஸ் கிளாக்கரிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு முகத்தைச் சுளித்தார். சுப்பன் கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி ஓடிவந்து, "வேணாங்க சாமி! தாயத்தான் பறிகுடுத்துட்டேன். புள்ளையாச்சும் தங்கட்டும்," என்று கும்பிட்டான்.

அருவருப்பு என் ஒருத்திக்கு மட்டும் உள்ள குறை என்று அதுவரை வெட்கப்பட்டிருந்தேன். படித்தவர், பெரியவர் எல்லோருக்கும் அது இருந்தது. அன்றைக்கு அது என்னைக் காப்பாற்றிவிட்டது.

பேச்சியம்மாவின் குடும்பத்துக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்தார்கள். அது வேலையை விட்டு நீக்கித் தோட்டத்தை விட்டு அனுப்புகிற சீட்டு. ஒரு வாரத்துக்குள் காம்பராவைக் காலி செய்யவேண்டும். வீட்டைக் காலி செய்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நான் போகவேண்டும், அம்மாவும் தம்பிகளும் மாமி வீட்டிலேயே கிடக்கவேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அப்போது மனசில் ஓடியதைச் சொல்கிறேன்.

அந்த ஒரு வாரத்தில் இன்னொன்றும் செய்தேன். இதை இன்னும் ஒருவரும் அறியார்.

ஒரு நாள் நடுப்பகல், லயம் வெறிச்சோடிக் கிடந்தபோது, லயத்துக்குப் பின்னால் போனேன். குழி எங்கே என்று கல்லே காட்டியது. நானே தோண்டிப் பார்த்துவிட்டால் உண்மை தெரியும். தெரிந்தபின் என்ன செய்வது என்று அப்புறம் யோசிக்கலாம்... இப்படி நினைத்துக்கொண்டு கல்லைப் புரட்டினேன். ஈர மண். வாடை வந்ததா, வந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா, சொல்லத் தெரியவில்லை. அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, கல்லை முன்பு இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

முதல் தடவை பார்க்காதது சோம்பேறித்தனம், பயம், வழக்கம், என்ன பெயர் வேண்டுமானாலும் கொடுங்கள். இந்த இரண்டாம் தடவைக்கு என்ன பெயர் கொடுப்பீர்கள்? அப்போது ஒரு குடும்பம் சட்டிபானை கட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் போன நாளில் நான் மருந்து கொடுக்கும் அறையின் சன்னலில் நின்றேன். பேச்சியம்மா, அவள் புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள். சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் இறங்கினார்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த பிரசவம் பத்து நாள் கழித்து. இஞ்சி வைத்துக்கொள்ளவில்லை, வாய்ப்பாடும் சொல்லவில்லை. நஞ்சுக்கொடியை எடுத்தேன். தண்ணீரில் அலசினேன். கையில் விரித்துப் பார்த்தேன். குமட்டியது. குமட்டிக்கொண்டே பார்த்தேன். பார்த்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இவ்வளவுதானா! இதற்காகவா!... அந்தத் தாய்க்கு முன்னால் அன்றைக்கு நான் விக்கி விக்கி அழுதேன். பாவம், அவள் தன் பிள்ளையைக் கண்டு நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

அதிலிருந்து மூன்றாவது பிரசவத்தில் குமட்டலும் நின்றுவிட்டது. பிறகு அது பாத்திரம் கழுவுவதுபோல் ஒரு வேலை, அவ்வளவே. சான்றிதழ் வந்தது. வீடு கிடைத்தது. அம்மா வந்து அடுப்பு மூட்டினாள். புதிதாகப் பயிற்சிக்கு வரும் பெண்களை என்னிடம் அனுப்பினார்கள். நஞ்சுக்கொடியைப் பரிசோதிப்பதில் இவளைப்போலக் கண்டிப்பானவள் கிடையாது என்று டாக்டரய்யாவே எழுதிக் கொடுத்தார். அதையும் நான் மறுக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, றொசல்லப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கர்ப்பிணி பேச்சில் பேச்சியம்மாவின் பெயரைச் சொன்னாள். தன் பழைய தோட்டத்தில் அவள் இருப்பதாகச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். காலில் விழுவதாகக்கூட உத்தேசம்.

அவள் லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவுமில்லை.

"நான் அன்னைக்குப் பாக்கல," என்றேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை.

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சத சொல்லத்தான் ரயிலேறி வந்தியா?"

"இப்பல்லாம் பாக்கறேன். ஒவ்வொண்ணும் அலசிப் பாக்கறேன்."

"பாரு. நல்லாப் பாரு." கோடரியைக் கட்டையில் சாத்தினாள். "நான் இங்க எந்தப் பிரசவத்துக்கும் போறதில்ல. கூப்புட்டாத்தான போறதுக்கு? ஆள் வந்து சேர்றதுக்கு முந்தி பேரு வந்து சேந்துருச்சு. தாயக் கொன்னவ வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு மூத்தவளுக்கு வந்த சம்பந்தம் ரெண்டு தட்டிப் போச்சு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முகம் பார்ப்பதில் பேர் எடுத்தவள் நான்.

"அங்க சொல்லிட்டியா?" என்று கேட்டாள். "தொரைகிட்ட, டாக்டருகிட்ட, சுப்பங்கிட்ட... ஆருகிட்டயாவது?"

"இல்ல."

"சொல்லப்போறியா?"

அம்மாவும் தம்பிகளும் அந்த வீடும் என் கண்முன்னே வந்து நின்றன.

பேச்சியம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நியாயமான நேரம் கொடுத்தாள் என்றே சொல்லவேண்டும். பிறகு கோடரியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப இங்க எதுக்கு புள்ள வந்த?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் விறகு பிளக்கத் தொடங்கினாள். நான் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

அதற்கப்புறம் டாக்டரய்யா மாற்றலாகிப் போனார். தொரை கப்பலேறிவிட்டார். அம்மா காலமானாள், தம்பிகள் தலையெடுத்துவிட்டார்கள். சுப்பன் மட்டும் அதே லயத்தில் இருக்கிறான். பிள்ளை வளர்ந்துவிட்டாள், என்னைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். என் வாயை அடைக்க இனி ஒரு காரணமும் மிச்சமில்லை. சுப்பனின் காம்பராவுக்கு என் வீட்டிலிருந்து கால்மணி நேர நடைதான்.

நான் அங்கே போகவில்லை. உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பேச்சியம்மாவின் பெயரைக் காப்பாற்றப் போவதில்லை, அவள் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடப் போவதுமில்லை. அது தெரிந்துதான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன்.